வயிற்றில் வந்த நோயும் குடிகாரன் என்ற பேரும்

வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் டொக்டர், நேர்ஸ் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். நோயாளிகளிடம் எப்படிப் பேசுவது என்று நாலு நல்ல வார்த்தை சொன்னால் போதும் என்றீர்கள். நல்ல வார்த்தை கேட்க வேண்டுமென்றால் கோயிலுக்குப் போங்கள். என்னிடம் இருப்பது ஒரு மனிதரின் கதை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. பிள்ளைகளே, ஊசி போடுவதும் சேலைன் ஏற்றுவதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை.

நான் மலைநாட்டில், ஊவாப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டுக்குச் சிஸ்டராக இருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஓய்வு பெற்று அதிக காலம் ஆகவில்லை. வார்டில் பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள். ஹப்புத்தளை, பெரகல, கொஸ்லந்த என்று பஸ் மாறி மாறி வந்து சேர்வார்கள். எங்களில் தமிழ் பேசத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் டொக்டர்மாருக்கும் நோயாளிக்கும் நடுவில் பாதி நாள் என் வாய்தான் வேலை செய்தது.

அப்படி வந்தவர்தான் சவரிமுத்து. கொஸ்லந்த ரோட்டில் ஒரு தோட்டம். கவ்வாத்து வெட்டுகிற ஆள். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி இறக்குகிற அந்த வேலைக்குத் தோளும் இடுப்பும் இரும்பாக இருக்க வேண்டும். வந்தபோது அந்த உடம்பில் எலும்பு மட்டும்தான் மிச்சம். வலது விலாவுக்குக் கீழே வலி, சாப்பாடு பிடிக்கவில்லை, கண்ணில் லேசாக மஞ்சள். கூட அவர் மனைவி பிலோமினா வந்திருந்தார். கொழுந்து எடுக்கிற பெண். மெலிந்த உடம்பு, யாரையும் நம்பாத கண். புருஷனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே எங்கள் எல்லோரையும் முறைத்தார்.

அன்றைக்கு அனுமதித்தது ஒரு சின்ன டொக்டர். நல்ல பிள்ளை, தமிழில் பத்துப் பதினைந்து கேள்வி மனப்பாடம் செய்து வைத்திருந்தார். பிலோமினாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். "சாராயம் குடிக்கிற பழக்கம் இருக்கா?" என்று கேட்டபோது நான் பக்கத்துக் கட்டிலில் வேலையாக இருந்தேன்.

"ஆமாங்க ஐயா. கொஞ்சம்" என்றார் சவரிமுத்து.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் வார்டில் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்கிற பதில் அதுதான். திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிற கசிப்பைக் குடித்து ஈரல் வெந்துபோய் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப் போயிருந்தது.

ஸ்கேன் செய்தார்கள். ஈரலில் கட்டிகள், ஒன்றல்ல, பல. ஏ.எஃப்.பி. என்ற இரத்தப் பரிசோதனை உங்களுக்குத் தெரியும், ஈரல் புற்றுநோய் என்றால் ஏறுமே, அது. இவருக்கு ஏறியது மட்டுமல்ல, கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. குடிக்கிற மனிதர், ஈரலில் கட்டி, இரத்தத்திலும் அதே சாட்சி. யாருக்குச் சந்தேகம் வரும்? ஈரல் புற்றுநோய் என்று முடிவாயிற்று. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வலிக்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு.

இதற்குள் இன்னொரு காரியம் நடந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரும் அதே தோட்டம், அதே லயத்து வீட்டு வரிசை. காய்ச்சல் விட்டு வீட்டுக்குப் போனவர், போன கையோடு செய்தியையும் கொண்டுபோய்ச் சேர்த்தார். சவரிமுத்துக்கு ஈரல் போய்விட்டது, குடிப்பேன் என்று டொக்டரிடம் அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டான், என் காதால் கேட்டேன் என்று. லயத்தில் ஒரு காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவில் கேட்கும். பிலோமினா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் நிற்கும்போதே நாலு பேர் அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு அந்தப் பெண் வேலைக்குப் போகாமல் நேரே பஸ் ஏறி வந்தார். பார்வையாளர் நேரம் இல்லை. நான் தடுத்தேன், தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, குடிப்பேன்னு சொன்னீங்களா என்று கேட்டார். சவரிமுத்து பதறிப்போய், சொன்னேன், ஆனா நான் குடிக்கல, சத்தியமா குடிக்கல என்றார். பிலோமினா, கொண்டுவந்த சோற்றுப் பார்சலைக் கட்டிலில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

நான் தாழ்வாரத்தில் பிடித்து நிறுத்தினேன். ஏசத்தான் நிறுத்தினேன், உண்மையைச் சொல்கிறேன். நோயாளியிடம் இப்படியா வந்து சண்டை போடுவது என்று ஆரம்பித்தேன். அவர் அழவில்லை. நின்ற இடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

அவருடைய அப்பா கசிப்புக் குடித்தே செத்தவர். அம்மாவை அடிக்காத நாளில்லை. வாய் நாற வாசலில் வந்து நின்றுகொண்டே, நான் குடிக்கலடி, சத்தியமா குடிக்கலடி என்பாராம். சாகிற வரைக்கும் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அதனால் பிலோமினா, குடிக்காத மாப்பிள்ளை என்றால்தான் கழுத்தை நீட்டுவேன் என்று நின்றிருக்கிறார். சவரிமுத்து சாமியார் முன்னால் சத்தியம் செய்து கொடுத்து அவரைக் கட்டினார். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு சம்பள நாளும் மாலையில் வாசற்படியில் நின்று மனைவியின் முகத்தில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாராம். யாரும் கேட்காமலே. லயத்தில் மற்றப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களாம், பொறாமையோடு.

"வெத்தலை போடுற ஆளு மிஸ் அவரு" என்றார் பிலோமினா. "வெத்தலைக்கு மேல என்ன வாசம் தெரியும்? இத்தன வருஷமா என் மூஞ்சில ஊதி ஊதியே ஏமாத்திருக்காரு. எங்கப்பன் சொன்ன அதே வார்த்தைய இப்ப அவரும் சொல்றாரு, கேட்டீங்கல்ல?"

போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சவரிமுத்து பார்வையாளர் நேரம் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். மணி அடித்து எல்லோரும் போனபிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். தனக்கு வந்த நோயைப் பற்றி அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம், பிலோமி வந்துச்சா மிஸ் என்பது மட்டும்தான்.

இனி எங்கள் பெரிய டொக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலிப் பக்கத்துக்காரர், சிங்களவர், என்னைவிட வயதில் இளையவர். சிரிக்கத் தெரியாத மனுஷி என்று வார்டில் பெயர். எனக்கு வேலை சொல்லித் தந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். யோசிக்கச் சொல்லித் தந்தவர் இவர் ஒருவர்தான். ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டுவதற்கு முன்னால், எல்லாம் சரியாகப் பொருந்துகிறதா என்று கடைசியாக ஒருமுறை கட்டிலருகே நின்று பார்ப்பார். மற்ற டொக்டர்மார் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், அவர் நகரமாட்டார்.

சவரிமுத்துவின் கட்டிலருகே அன்றைக்கு நீண்ட நேரம் நின்றார். குடியால் கெட்ட ஈரல் கரடுமுரடாகச் சுருங்கியிருக்கும், இவருக்குக் கட்டி இல்லாத இடமெல்லாம் மழமழவென்று நல்ல ஈரலாக இருக்கிறதே என்றார். உடம்பில் இரத்தமும் ஏன் இவ்வளவு குறைந்திருக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டார். போகிறது என்றார் சவரிமுத்து, யாரும் கேட்காததால் சொல்லவில்லையாம். டொக்டரம்மா என் பக்கம் திரும்பி, சிஸ்டர், இந்த மனிதர் உண்மையிலேயே குடிக்கிறாரா, உங்கள் பாஷையில் உங்கள் முறையில் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

பிள்ளைகளே, இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் மறுபடியும் குடிப்பீங்களா என்று கேட்டிருந்தால் மறுபடியும் ஆமாங்க என்றுதான் வந்திருக்கும். திரையை இழுத்துவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். உங்கள் தோட்டத்தில் கசிப்பு யார் காய்ச்சுகிறார்கள் என்று கேட்டேன். தெரியும், ஆனால் அந்தப் பக்கம் போனதில்லை என்றார். இயேசு பிறந்த நத்தாருக்கு ஆம்பிளைகள் எல்லாம் சேர்ந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவங்க ஊத்துவாங்க, நான் ஆட்டுக்கறி வெட்டிக் குடுத்துட்டு வந்துடுவேன், எனக்கு அந்த வாசமே கொமட்டும் என்றார். அதன்பிறகுதான், அப்படியானால் டொக்டரிடம் ஏன் ஆமாம் என்றீர்கள் என்று கேட்டேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார், இது தெரியாதா என்பதுபோல.

"ஆமான்னா ஒரு ஏச்சோட மருந்து குடுத்துருவாங்க மிஸ். இல்லைன்னா பொய் சொல்றேன்னு ரெண்டு ஏச்சு. நமக்கெதுக்கு?"

இளவட்டமாக இருந்தபோது அவருக்கு ஒருமுறை மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. தோட்டத்து மருந்துச் சாலையில் வரிசையில் நின்று, குடிக்கிறதில்லை என்று சொல்லியிருக்கிறார். மருந்து கொடுப்பவர் அத்தனை பேர் முன்னாலும் கேலி செய்து, உண்மையைச் சொன்னால்தான் மருந்து என்று ஓரமாக நிறுத்தி வைத்துவிட்டார். வெயில் ஏறும் வரைக்கும் நின்று, கடைசியில் ஆமாங்க குடிச்சேன் என்று சொன்ன பிறகுதான் குப்பியை நீட்டினாராம். அன்றிலிருந்து வெள்ளைச் சட்டை போட்டவர் எது கேட்டாலும் ஆமாங்க. இப்படிச் சொல்கிறவர் இவர் ஒருவர் மட்டுமல்ல. தோட்டத்தில் எத்தனையோ ஆம்பிளைகளுக்கு இது பழக்கம், குடிக்கிறவனும் கொஞ்சம் என்பான், குடிக்காதவனும் கொஞ்சம் என்பான். நானும் அந்த மண்ணில் பிறந்தவள்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

டொக்டரம்மா வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். இரைப்பையில் புண் பிடித்த ஒரு கட்டி இருந்தது. அதில் ஒரு துணுக்கும் ஈரலில் ஒரு துணுக்கும் எடுத்துச் சோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினார். பதில் வரும் வரைக்கும் அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று பிடிவாதமாக நின்றார். கட்டில் இல்லை என்று மேலே இருந்து ஆள் வந்து சத்தம் போட்டும் அவர் அசையவில்லை.

பதில் வந்த அன்று என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இது ஈரலில் பிறந்த நோய் இல்லை, இரைப்பையில் பிறந்தது என்றார். மிக அபூர்வமான ஒரு வகை. அதன் செல்கள் பார்ப்பதற்கு ஈரல் செல்கள் மாதிரியே இருக்கும், ஈரல் புற்றுநோய் சுரக்கிற பொருளையே சுரக்கும், அதனால்தான் இரத்தமும் அப்படிக் காட்டியது. ஈரலுக்குப் பரவியபின் ஸ்கேனைப் பார்க்கிறவர் எல்லோரும் ஏமாந்துபோவார்கள். புத்தகத்தில் மட்டும்தான் படித்திருக்கிறேன், இதுதான் முதல் தடவை பார்க்கிறேன் என்றார். குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்த மனிதர் ஒரு சொட்டுத் தொட்டதற்கும் அடையாளமில்லை.

அப்படியென்றால் பிழைப்பாரா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பொல்லாத வகை, ஈரல் முழுக்க ஏறிவிட்டது, மருந்து ஏற்றினால் தாங்குகிற உடம்பும் இல்லை என்றார். கண்டுபிடித்தோம், ஆனால் அவர் உயிருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அவர் பேருக்காவது இருக்கட்டும், மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் சிஸ்டர் என்றார்.

அன்றைக்கு நான் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் அந்த அறையிலிருந்து வெளியே வந்தேன். சாகப்போகிற மனிதருக்குக் கொடுக்க ஒரு நல்ல சாமான் கையில் இருக்கிறது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

பிலோமினா என் போனை எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்து, கடைசியில் எடுத்தார். உங்கள் புருஷன் குடிக்கவில்லை, சோதனையில் தெரிந்துவிட்டது, இது வயிற்றில் வந்த நோய் என்று சொன்னேன்.

"மொதல்ல ஈரல்ன்னீங்க. இப்ப வயிறுங்கிறீங்க. நைசா பேசி என்னைய வர வைக்கப் பாக்குறீங்க மிஸ்."

கர்த்தரே என்று தலையில் அடித்துக்கொண்டேன். நான் மாதா மேல் ஆணையிட்டுச் சொன்ன பிறகு, வருகிறேன், ஆனால் உங்களிடம் எதுவும் கேட்க மாட்டேன், அவரிடமே கேட்டுக்கொள்கிறேன் என்றார்.

வந்தார். ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்திருந்தார். நான் டொக்டரம்மா சொன்னதையெல்லாம் தாழ்வாரத்தில் வைத்து எளிமையாக விளக்கினேன். அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. கட்டிலருகே போய் நின்றார். நான் சேலைன் போத்தலைச் சரிசெய்கிற சாக்கில் பக்கத்தில் நின்றேன். சவரிமுத்துவின் முகம் அவரைக் கண்டதும் மலர்ந்த விதத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"இப்பவாச்சும் உண்மைய சொல்லுங்க. எனக்குத் தெரியாம குடிச்சீங்களா?" என்றார் பிலோமினா.

சவரிமுத்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். சொல்லுங்கள், சொல்லிவிடுங்கள், நான் சாட்சி இருக்கிறேன் என்று என் மனம் அடித்துக்கொண்டது.

"ஆமா பிலோமி" என்றார்.

எப்போது என்று கேட்டார் பிலோமினா. எப்போதாவது, நத்தாருக்கு, மழையில் கவ்வாத்து முடித்து வருகிற அன்றைக்கு என்று மெல்ல மெல்ல ஒவ்வொன்றாக இட்டுக்கட்டிச் சொன்னார். சொல்லிவிட்டு, மன்னிச்சுக்க என்றார். பிலோமினாவின் தோள் இறங்கியது. அதுவரை அந்தப் பெண் தோளைத் தூக்கிவைத்துக்கொண்டே இருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்தார். புருஷனின் வாயைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். இத மொதல்லயே சொல்லிருந்தா என்ன என்று முணுமுணுத்துக்கொண்டே கஞ்சியை ஊட்ட ஆரம்பித்தார். நாங்கள் கொடுத்தால் வாயே திறக்காத மனிதர் சட்டி காலியாகும் வரை குடித்தார்.

பிலோமினா கை கழுவப் போன நேரம் நான் சவரிமுத்துவிடம் குனிந்து, என்ன காரியம் செய்தீர்கள், ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இல்லைன்னு சொன்னப்ப எந்திரிச்சுப் போயிருச்சு மிஸ். ஆமான்னதும் உக்காந்துருச்சு. எனக்கு இன்னும் எத்தன நாளு? நீங்க எதையும் சொல்லிப்புடாதீங்க."

டொக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நாம் சொல்லிவிடலாம், எழுத்தில் இருக்கிறது, யார் மறுக்க முடியும் என்று வேகமாக ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். சாப்பிட்டாரா என்று கேட்டார். சாப்பிட்டார் என்றேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சவரிமுத்துவின் ஃபைலை மூடினார்.

எனக்குள் நடந்த சண்டையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால், ஒரு சொட்டுக்கூடத் தொடாத மனிதர் குடிகாரன் என்ற பேரோடு குழிக்குப் போவார். தோட்டம் முழுக்க அதையே பேசும். பேசினால், அந்தப் பெண் நம்ப மாட்டார். நம்பினாலோ, தான் சந்தேகப்பட்டுத் தனியே விட்டுப் போன நாட்களை நினைத்து வெந்து சாவார். இரண்டு பக்கமும் பள்ளம். அந்த உண்மை சவரிமுத்துவுடையது, அதை அவர் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்துவிட்டார், நான் யார் எடுத்துக் கொடுக்க என்று வாயை மூடிக்கொண்டேன். செய்தது சரிதான் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிழை என்றும் வரவில்லை. நீங்களும் இப்படி ஒரு கட்டிலருகே நிற்கத்தான் போகிறீர்கள், எந்தப் புத்தகமும் அன்றைக்கு உதவாது.

கேள்வியை யோசித்துக் கேளுங்கள் என்று மட்டும் சொல்வேன். ஏச்சு விழும் என்ற பயம் இருக்கிற இடத்தில் வருகிற ஆமாம் ஒன்றுக்கும் உதவாத ஆமாம். அதை நம்பி மருந்து எழுதாதீர்கள். ஆனால் இதை அந்த மருந்துச் சாலையில் அன்றைக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். இப்போது உங்களிடம் சொல்லி சவரிமுத்துவுக்கு என்ன ஆகப்போகிறது?

பிலோமினா அதன்பிறகு வார்டை விட்டு நகரவில்லை. தோட்டத்தில் பேர் வெட்டுப்படும், வேலை போய்விடும் என்றார்கள், படட்டும் என்றார். இரவில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார். ஒரு மழை நாள் காலையில் சவரிமுத்து இறந்தார், அவர் கை மனைவியின் கைக்குள் இருந்தது. வலி அதிகம் இல்லை. அந்த அளவுக்காவது எங்களால் முடிந்தது.

உடம்பை ஏற்றிப்போக வேன் வந்தது. பிலோமினா தூக்குச்சட்டி, துவாய், ஜெபமாலை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டிக்கொண்டு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். அழுது முடித்த முகம், தெளிவாக இருந்தது.

"குடிச்சுத்தான் போனாருன்னு ஊரு பேசும் மிஸ். பேசட்டும். எங்கப்பன் சாகுற வரைக்கும் பொய்தான் சொன்னாரு. இவரு அப்படி இல்ல. கடைசியில எங்கிட்ட உண்மைய சொல்லிட்டுப் போனாரு. அது போதும் எனக்கு. இல்லீங்களா மிஸ்?"

"ஆமாம்மா" என்றேன்.